செத்துப்போன மச்சான் மேடையேறிய கல்யாணம்

என் மச்சானுக்கு முன்பல் ஒன்று கிடையாது. குடித்துவிட்டு சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்ததில் போனது. புதுக்கோட்டையில் அந்த ஸ்டூடியோக்காரரின் கம்ப்யூட்டரில் நான் பார்த்த மச்சானுக்கோ பல்வரிசை முழுசாக இருந்தது. பற்பசை விளம்பரத்தில் வருகிறவனுக்குக்கூட அப்படி இருக்காது. ஆளும் வெளுத்திருந்தார். வழுக்கை போய்த் தலை நிறைய முடி. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. உயிரோடு இருந்தவரை அந்த மனிதர் சட்டையில் எல்லாப் பொத்தானையும் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"எப்புடி மாமா, அப்பா மாதிரியே இருக்காருல்ல?" அக்கா மகன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஒங்கப்பன் மாதிரி இருந்துறவே கூடாதுன்னு ரொம்ப மெனக்கெட்டுச் செஞ்ச மாதிரில்லடா இருக்கு" என்றேன்.

ஸ்டூடியோக்காரர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். "ரெண்டே ரெண்டு போட்டோதாங்கய்யா குடுத்தாங்க. மிச்சத்த எல்லாம் ஏஐ பாத்துக்கிருச்சு" என்றார் பெருமையாக.

மச்சான் செத்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஈரல் வெந்து செத்தார். அவர் மகளுக்கு இலுப்பூரில் கல்யாணம். தங்கச்சி கல்யாணத்துக்கென்று சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த மகன், அப்பாவை மேடையிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று கிளம்பிவிட்டான். மணவறைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் ஒரு எல்இடி திரை. அதில் அப்பா மேகத்துக்குள்ளிருந்து இறங்கி வருவார். மகளைப் பார்த்துச் சிரிப்பார், பேசுவார், ஆசீர்வாதம் செய்வார். இப்போதெல்லாம் இது எல்லா மண்டபத்திலும் நடக்கிறது. செத்தவர்கள் வராத கல்யாணம் கௌரவக் குறைச்சல் என்று ஆகிவிடும் போலிருக்கிறது.

நான் மெஷினுக்கு எதிரி கிடையாது. இலுப்பூரில் எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறவன். புதுசாக ஒரு சாமான் சந்தைக்கு வந்தால் அதைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால் என் எரிச்சல் அந்தக் கம்ப்யூட்டர் மேல் இல்லை. அது பாவம், செய்யச் சொன்னதைச் செய்கிறது. செய்யச் சொன்னவர்கள் மேல்தான் எரிச்சல். இத்தனை மாதம் கழித்து இதை எழுத உட்காரும்போதும் அது தணியவில்லை.

என்னை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனதே குரலுக்காகத்தான். "மூஞ்சி சரியா வந்துருச்சு மாமா. கொரலு அப்பா கொரலான்னு நீங்க கேட்டுச் சொல்லணும்" என்றான். மச்சானின் குரல் பதிவாகிக் கிடந்தது ஒரே இடத்தில்தான். முன்னொரு நாள் அவர் முழு போதையில் சிங்கப்பூரில் இருந்த மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். ஸ்டூடியோக்காரர் அதைப் போட்டுக் காட்டினார். என் அக்காவைப் பற்றி அதில் அவர் சொல்லியிருந்த வார்த்தைகளை எழுத எனக்குக் கை கூசுகிறது. அவள் நடத்தையைச் சொல்லி, அவளைப் பெற்றவளைச் சொல்லி, கடைசியில் காறித் துப்புகிற சத்தத்தோடு முடிகிறது. பின்னால் மாடு கத்துவது கேட்கிறது. அக்கா அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு அங்கேயேதான் நின்றிருக்க வேண்டும்.

"டேய், இதுலேருந்தாடா எடுக்கப்போற?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டூடியோக்காரர்தான் பதில் சொன்னார். "என்ன பேசுறாருங்கறது நமக்குத் தேவையில்லங்கய்யா. வாய்ஸ் க்ளியரா இருந்தாப் போதும். நாம எழுதிக் குடுக்குறத அந்த வாய்ஸ்ல பேச வச்சிரலாம்."

பேச வைத்தார். "என் அன்பு மனைவியே! நீ இல்லையேல் நான் இல்லை. என் இல்லத்தின் விளக்கே!" என்றார் மச்சான், டிவியில் செய்தி வாசிக்கிற தமிழில். சத்தியமாக அது அவர் குரல்தான். அந்தக் கரகரப்பு, மூச்சு இழுப்பு எல்லாம் அப்படியே இருந்தது. காறித் துப்பிய தொண்டையிலிருந்து இல்லத்தின் விளக்கே என்று வருகிறது. சீ என்றாகிவிட்டது எனக்கு. எழுந்து வெளியே வந்து பக்கத்துக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன்.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொடும்பாளூர் போகிற பாதையில் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டுப் போனவள். மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றியே இரண்டு பிள்ளைகளையும் இன்ஜினீயரிங் வரை படிக்க வைத்தாள். மச்சான் குடித்தார், அடித்தார். இதை விரித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அடி வாங்கிய கதையை அழகாகச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒன்று மட்டும் சொல்கிறேன். இன்றைக்கும் யாராவது பரண் மேலிருந்து ஏதாவது எடுக்கக் கையைத் தூக்கினால், பக்கத்தில் இருக்கும் அக்கா தன்னை அறியாமல் தலையைச் சாய்த்துக்கொள்வாள். நாங்கள் போய்க் கேட்டிருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம், கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போய்விடும் என்று அவளே திரும்பிப் போய்விடுவாள்.

அவர் செத்தபோது அவளுக்கு என்ன தோன்றியது என்று நான் கேட்டதில்லை. ஆனால் அடுத்த பொங்கலுக்குப் போனபோது வாசலில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்துப் பேசினாள். அப்படிச் சிரிக்கிற ஆள் என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவள் தாரை வார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை கைமேல் பொண்ணு கையை வைத்து, பொண்ணைப் பெற்றவள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். என் பிள்ளையை உனக்குக் கொடுத்தேன் என்று அர்த்தம். தாலி இல்லாதவள் அந்தச் செம்பைத் தொடக் கூடாது என்பது வழக்கம். சித்தப்பன் சித்தியோ மாமன் அத்தையோ நின்று ஊற்றிவிட்டு இறங்குவார்கள். பெற்றவள் கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே இருப்பாள்.

"நான்தானே பெத்தேன். நான்தானே வளத்தேன். நான் ஊத்துனா தண்ணி என்ன கசக்கவா போகுது?" என்றாள்.

மகன் வீடியோ காலில் மார் தட்டினான். "நீதாம்மா ஊத்துற. எவன் என்ன சொல்றான்னு பாத்துருவோம். காலம் மாறிப்போச்சும்மா, எந்தக் காலத்துல இருக்கீங்க எல்லாரும்?" ஃபேஸ்புக்கில் இதைப் பற்றி எழுதியும் போட்டான். அந்த நம்பிக்கையில் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய், பச்சையில் அரக்குக் கரை போட்ட பட்டு எடுத்துக்கொண்டு வந்தாள் அக்கா. வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைக்காரரிடம் இன்னும் நாலு எடுத்துப் போடுங்க என்று அதிகாரமாகச் சொன்னாளாம். என் மனைவி வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

அப்புறம் மாப்பிள்ளையின் அத்தை ஒரு போன் போட்டார். அப்பாவோடு பிறந்தவர். திருவரங்குளத்துப் பக்கம் ஆள், அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். "எங்க வீட்டுப் பய நல்லா இருக்க வேணாமா? மொதக் கல்யாணம் இது" என்றார். அவ்வளவுதான். காலம் மாறிப்போச்சு என்று ஃபேஸ்புக்கில் எழுதியவன் அந்த ஒரே போனில் அடங்கிவிட்டான். நானும் என் மனைவியும் நின்று தாரை வார்ப்பது என்று முடிவாயிற்று. நான் அவனைக் கடையில் வைத்து நாலு கேள்வி கேட்டேன். "சம்பந்தத்துல சிக்கலாயிரும் மாமா. அம்மாவுக்கு மனசு கஷ்டமில்லாம நான் வேற ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். சர்ப்ரைஸ்" என்றான்.

அந்த வேற ஏற்பாடுதான் இந்தத் திரை. அவளை மேலே ஏற்ற முடியாததற்குப் பதிலாக, அவளை அடித்தவரை மேலே ஏற்றுகிறான். அதை அவளுக்குச் செய்கிற மரியாதை என்று நினைக்கிறான்!

இதில் குமட்டுகிற இன்னொன்று இருக்கிறது. விதவை நிற்கக் கூடாது என்று சொன்ன அதே அத்தை, திரை விஷயத்தைக் கேட்டதும் உருகிவிட்டார். "அடி ஆத்தி, செத்த மனுசன் நேர்ல வந்து வாழ்த்தப்போறாரா! எங்க வீட்டுக்கு என்ன குடுப்பினை!" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் அடித்துச் சொன்னார். செத்தவனைப் படம் செய்து நல்ல காரியத்தில் நிறுத்தினால் என்ன தோஷம், யாரிடம் கேட்கணும் என்று அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நேற்றுவரை உலகத்தில் இல்லாத சங்கதி அது. சாஸ்திரத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை. அவரை மட்டும் சொல்வானேன்? நம் ஆட்கள் எல்லாருமே இப்படித்தான். எந்த நாட்டிலிருந்து எந்த எழவு வந்தாலும் உடனே வீட்டுக்குள் விட்டுவிடுவார்கள். ஒரு பொம்பளை நாலு படி ஏறணும் என்றால்தான் ஆயிரம் ஆராய்ச்சி.

சர்ப்ரைஸாவது மண்ணாவது என்று நான் ஸ்டூடியோவிலிருந்து வந்த அன்றைக்குச் சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாய்ஸ் மெசேஜைப் பற்றியும் சொன்னேன். மறைத்து வைத்து நாளைக்கு அத்தனை பேர் முன்னால் அவளுக்கு அது விழுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தினாள்.

"பேசுவாராமா?"

"பேசுவாரு. இல்லத்தின் விளக்கேன்னு ஒன்னயக் கூப்புடுவாரு."

"தூ" என்றாள். கையை வழித்துக்கொண்டு, "பேசிட்டுப் போயிருவாரா, இல்ல நிப்பாரா?" என்று கேட்டாள்.

"தாரை வாக்குற வரைக்கும் திரையில நிப்பாருக்கா. கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்றாப்புல திரும்பத் திரும்ப ஓடுமாம்."

"தாரை வாக்குறப்ப நிக்கிறாரா? மாப்ள வீட்ல சரின்னுட்டாங்களா?"

"ஆகா ஓகோன்னுட்டாங்க."

அக்கா கிரைண்டரைப் போட்டுவிட்டாள். வேண்டாம் என்று அவனிடம் சொல்லட்டுமா என்று கத்திக் கேட்டேன். "அவன் ஆசைக்கு ஓடட்டும்டா" என்று அவளும் கத்தினாள்.

முகூர்த்தத்தன்று மண்டபத்தில் நுழைந்தபோதே தலைக்கு மேல் ட்ரோன் ஒன்று விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் பொண்ணு மாப்பிள்ளை கை கூப்பி வரவேற்கிற பொம்மைப் படம். மணவறைக்கு வலப்பக்கம் அந்தத் திரை, அதற்கு ஒரு ரோஜா மாலை. திரைக்கு முன்னால் யாரோ ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், வரப்போகிற ஆளுக்கு. எனக்கு அதைக் காலால் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. கல்யாணம் செய்து வைக்க வந்த ஐயர் திரையையும் தாம்பாளத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரா இஷ்டம்" என்று சொல்லி ஹோமத்துக்கு நெய்யை நகர்த்திக்கொண்டார்.

அக்கா பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற கதவுக்குப் பக்கத்தில் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் நானும் என் மனைவியும். என் கையில் செம்பு. என் மனைவி, "மதினி அங்கிட்டு ஒத்தையில ஒக்காந்திருக்காங்க, எனக்கு மேல நிக்கவே ஒப்பலங்க" என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தாள்.

மேளத்தை நிறுத்தச் சொல்லி மகன் கை காட்டினான். விளக்கெல்லாம் அணைந்தது. திரையில் மேகம் விலகிற்று. பட்டு வேட்டியில் மச்சான் இறங்கி வந்தார். மண்டபமே "ஆ" என்றது. நாற்காலிகள் நகர்கிற சத்தம். எல்லார் கையிலும் செல்போன் மேலே ஏறிவிட்டது.

"என் அன்பு மகளே! உன்னை மாலையும் கழுத்துமாகக் காண விண்ணிலிருந்து வந்தேன்" என்றார். மணப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கு அழுகை வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் அண்ணனும் மேடை ஓரத்தில் சின்னப் பையன் போல விம்மினான். ஒரு நாளாவது இப்படிச் சிரித்த முகமாக ஒரு அப்பன் வீட்டுக்கு வர மாட்டானா என்று ஏங்கிய பிள்ளைகள்தானே இருவரும். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. அதற்காக ஒரு அப்பனைச் செய்துகொண்டது வரைக்கும்கூடச் சரி என்று விட்டுவிடலாம்.

ஆனால் அடுத்து வந்ததை விட முடியாது. அக்காவின் கல்யாணப் போட்டோவிலிருந்து அவளையும் உயிர்ப்பித்திருந்தார்கள். பாவாடை தாவணி வயசு மாறாத முகம். அவள் ஓடி வந்து அவர் தோளில் சாய்கிறாள். அவர் அவள் நெற்றியில் குங்குமம் வைக்கிறார். "என் இல்லத்தின் விளக்கே" என்கிறார். அவள் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். கீழே பெண்கள் மூக்கைச் சிந்துகிறார்கள். அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, பாத்திரம் உருள்கிற சத்தமும் அக்கா கத்துகிற சத்தமும் கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவள், "தங்கமான மனுசன், இப்புடி ஒரு பாசத்த எங்கிட்டுப் பாக்கப் போறோம்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் காதாலேயே கேட்டேன். அடப் பாவிகளா! எதைப் போட்டுக் காட்டினாலும் அழுவீர்களா? பார்த்ததையும் கேட்டதையும் ஒரு நிமிஷ வீடியோவுக்காக இப்படிக் கழுவித் துடைத்துவிட முடியுமா? அருவருப்பு என்ற சொல்லுக்கு எனக்கு அன்றைக்குத்தான் முழு அர்த்தம் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அத்தை முன்னால் வந்து, "ரெண்டு பேரும் விழுந்து கும்புடுங்கப்பா" என்றார். பொண்ணும் மாப்பிள்ளையும் எல்இடி திரைக்கு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். வயர்கள் போகிற இடம் அது. கையைப் பார்த்து வையுங்கள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

விளக்கு வந்தது. மச்சான் திரையில் நின்றார். வலது கை மேலே போகும், இறங்கும், மறுபடி மேலே போகும். ஆசீர்வாதமாம். ஐயர் பொண்ணு கையை எடுத்து மாப்பிள்ளை கைமேல் வைத்தார். "தாரை வார்க்கறவா வாங்கோ" என்றார்.

நான் செம்பை என் மனைவியிடம் கொடுக்கத் திரும்பினேன். அப்போதுதான் அக்கா படியேறி வந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். எப்போது எழுந்தாள், நடுவில் எப்படி வந்தாள், தெரியாது. ஓடி வரவில்லை. சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குள் நுழைவாளே, அப்படித்தான் வந்தாள். திரையில் அந்தக் கை மேலே போனபோது மட்டும் அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"நீ எங்கடியம்மா வர்ற?" என்றார் அத்தை.

"எம்மகளுக்குத் தாரை வாக்க."

"என்ன பேச்சு பேசுற? ஒனக்குத் தெரியாதா மொறை?"

அக்கா கையை நீட்டித் திரையைக் காட்டினாள். "எம்புருசன் இந்தா நிக்கிறாரு. இப்பத்தான் எனக்குக் குங்குமம் வச்சாரு. நீங்கள்லாம் பாத்து அழுதீங்க. மகளையும் மருமகனையும் விழுந்து கும்புடச் சொன்னது நீங்கதான். புருசன் நிக்கிறப்ப பொண்டாட்டிக்கு என்ன மொறை? தள்ளுங்க."

மண்டபத்தின் முன்பாதியில் எல்லாருக்கும் அது கேட்டது. அத்தை வாயைத் திறந்தார், மூடினார். திரையைப் பார்த்தார். அதில் மச்சான் பல்வரிசை தெரியச் சிரித்தபடி கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அக்கா என் கையிலிருந்த செம்பை வாங்கினாள். நான் கொடுத்தேன். என் மனைவி விருட்டென்று விலகி இடம் விட்டாள்.

"ஏ, அத ஆஃப் பண்ணுப்பா! ஆஃப் பண்ணு!" அத்தை ஸ்டூடியோக்காரரைப் பார்த்துக் கத்தினார். "ஆஃப் பண்ணித் தொலைங்கடா!" என்று மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அவளைக் கீழே இறக்குவதற்கு அவர்களுக்கு வேறு வழியில்லை, மச்சானை மறுபடி சாகடிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் முன்னால் எவருக்காக மூக்கைச் சிந்தினார்களோ, அவரையேதான்.

ஸ்டூடியோக்காரர் பதறிப்போய் எதையோ அழுத்தினார். மச்சான் மறைந்தார். 'திருமணம், காதணி விழா, நினைவஞ்சலிக்கு அணுகவும்' என்ற விளம்பரம் அவர் நின்ற இடத்தில் வந்து நின்றது. ஆனால் அதற்குள் அக்கா ஊற்றிவிட்டாள். அவசரப்படவில்லை. செம்பு காலியாகும்வரை ஊற்றினாள். மகள் கை வழியாக மாப்பிள்ளை கைக்கு இறங்கிக் கீழே வைத்திருந்த தாம்பாளத்தில் விழுந்தது தண்ணீர்.

திரையைத் திரும்பிப் பார்த்தாள். "அறுத்துட்டீங்களா ரெண்டாவது தடவையும்? நல்லா இருங்க" என்றாள். செம்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

உடனே ஆரம்பித்தார்கள். தாம்பாளத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள், செம்பைக் கழுவுங்கள், ரெண்டு பேரும் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள், மாமனும் மாமன் பெண்டாட்டியும் மறுபடி முதலிலிருந்து ஊற்றட்டும் என்று ஆளாளுக்கு ஒரு உத்தரவு. மஞ்சள் தண்ணீர்கூட வந்துவிட்டது. மணப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். மை கரைந்து கன்னமெல்லாம் வழிந்திருந்தது. மாப்பிள்ளை கையை அவள் விடவில்லை. அவன் இழுத்துப் பார்த்தும் விடவில்லை.

"கழுவ மாட்டேன். எங்கம்மா ஊத்தியாச்சு. தாலியக் கட்டச் சொல்லுங்க, இல்லாட்டி மாலைய வாங்கிக்கங்க."

முகூர்த்தம் தாண்டுகிறது என்று ஐயர் கடிகாரத்தைக் காட்டினார். மாப்பிள்ளை தன் அத்தையைப் பார்த்தான், அப்பனைப் பார்த்தான். தாலியை எடுத்தான். கெட்டி மேளம் என்று நான்தான் கத்தினேன். கத்தியதில் தொண்டை இரண்டு நாள் கட்டிக்கொண்டது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தால் நாம் முட்டாள்கள். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் இருந்தவர், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "ஆயிரம் சொல்லுங்க, புருசன் மேல அந்தம்மாவுக்கு என்னா உசிரு! திரையில பாத்ததும் தாங்க முடியாம மேல ஏறிப் போயிருச்சு பாத்தீங்களா" என்றார். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அவள் பேசியது கேட்கவில்லை. அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, சிங்கப்பூர் திரும்புவதற்கு முன்னால் மகன் அம்மாவை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கறி எடுத்து ஆக்கியிருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் செல்போனை எடுத்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "அம்மா, ஒன்னய ஒலகமே பாத்துக்கிட்டிருக்கும்மா" என்றான். ரீல்ஸ். மேகம் விலகுகிறது, மச்சான் இறங்கி வருகிறார், குங்குமம் வைக்கிறார், இல்லத்தின் விளக்கே என்கிறார். அப்புறம் அக்கா படியேறி வருவது, மெதுவாக ஓடும்படி செய்து. பின்னால் சோகமாக ஒரு புல்லாங்குழல். அவள் திரையை நோக்கிக் கையை நீட்டுகிறாள். அங்கே நின்றுவிடுகிறது படம். 'மறைந்த கணவரைத் தொடத் துடித்த மனைவி' என்று எழுத்து வருகிறது. கீழே வரிசையாக அழுகிற பொம்மைகளும் சிவப்பு இதயங்களும்.

"இத எவன்டா வெட்டுனது?" என்றேன்.

"ஸ்டூடியோக்காரருதான் மாமா. முழுசாப் போட்டா சம்பந்தி வீட்ல சங்கடப்படுவாங்கல்ல. தங்கச்சி அங்க வாழணும்ல" என்றான். அவன் சொன்னதில் குயுக்தி ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் பெருமை தேடிக் கொடுத்திருக்கிறோம் என்றுதான் அவன் முழுசாக நம்பினான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அக்கா மறுபடி ஒருமுறை போடச் சொன்னாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். போனை வாங்கிக் காதில் வைத்தும் கேட்டாள். புல்லாங்குழல்தான் கேட்டிருக்கும்.

"ஒங்கப்பன் பேசாததெல்லாம் இதுல பேசுறாரு. நான் பேசுனது எங்கடா?"

"அது... அந்த எடத்துல ஆடியோ சரியா பதிவாகலம்மா" என்றான்.

அக்கா போனை அவன் மடியில் வைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப ஒங்கப்பனுக்குக் கொரலு செஞ்சு குடுத்தான்ல, அவன்கிட்டயே போயிக் கேளு. உசுரோட இருக்கிற ஒங்கம்மாளுக்கும் ஒண்ணு செஞ்சு தருவானான்னு."